பாசிட்டிவ் வந்த மறுநாள் என்ன?

வாசகர் கேள்வி – பதில்: புற்றுநோய்ப் பரிசோதனை, சிகிச்சை, அரசியல்

கேள்வி: எந்தத் தேர்தல் வந்தாலும் ‘எல்லோருக்கும் இலவசப் புற்றுநோய்ப் பரிசோதனை’ என்று வாக்குறுதி தருகிறார்கள். எதிர்த்தரப்பு ‘வெறும் விளம்பரம்’ என்கிறது. இலவசமாகப் பரிசோதித்தால் நல்லதுதானே, இதில் எதிர்க்க என்ன இருக்கிறது?

இரண்டு வேறு காரியங்களை ‘பரிசோதனை’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதில்தான் பாதிச் சண்டை. மார்பில் கட்டி தட்டுப்படுகிறது, மலத்தில் ரத்தம் போகிறது, வாய்ப்புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. இப்படி வருபவருக்குச் செய்வது நோயறிதல். அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஒரு தொந்தரவும் இல்லாதவரைக் கூப்பிட்டுப் பார்ப்பது ஸ்கிரீனிங். அதன் கணக்கே வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முகாமுக்கு 1,000 பேர் வருகிறார்கள், அவர்களில் 6 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை நல்ல சோதனைதான். நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேரைப் பிடித்துவிடும், நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 8 பேரை மட்டும் தவறாகக் காட்டும். அப்படியானால் 6 பேரில் 5 பேர் சிக்குவார்கள். மீதி 994 பேரில் சுமார் 80 பேருக்கு வீணாக ‘பாசிட்டிவ்’ வரும். மொத்தம் 85 பாசிட்டிவ், அதில் நிஜமான நோயாளிகள் 5 பேர், அதாவது 17-க்கு ஒருவர். எந்த ஒருவர் என்று தெரிய வேண்டுமென்றால் 85 பேருக்கும் அடுத்தகட்ட ஸ்கேன், அதில் சந்தேகம் வருபவர்களுக்கு பயாப்ஸி (சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது), பயாப்ஸியைப் படிக்க நோய்க்குறியியல் மருத்துவர், கடைசியாக அந்த 5 பேருக்கு அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் என்று எல்லாம் வேண்டும். வாக்குறுதியில் இருப்பது முதல் 1,000 பேரின் செலவு. சண்டை போட வேண்டியது அந்த 85 பேருக்காக.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. வில்சன், யுங்னர் என்ற இருவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக 1968-இலேயே ஸ்கிரீனிங்குக்குப் பத்து நிபந்தனைகள் எழுதிவைத்தார்கள். நோயை உறுதிசெய்யவும் சிகிச்சை தரவும் வசதி இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒரு தடவை செய்துவிட்டு மூட்டை கட்டும் வேலையாக இருக்கக்கூடாது, தொடர்ந்து நடக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒருநாள் முகாம்கள் பெரும்பாலும் இந்த இரண்டிலும் தோற்கின்றன.

பெண்கள் கைக்குத் தெரிகிற கட்டியோடு மாதக்கணக்கில் அலைகிற ஊரில், கட்டியே இல்லாதவர்களைத் தேடிப் போகும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வண்டிக்கு முன்னால் கட்டி உள்ளவருக்கு வழி பண்ண வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய்த் திட்டத்தின் இலக்குகளும் அதைத்தான் சொல்கின்றன. நோயாளிகளில் 60 சதவீதத்துக்கு மேல் முதல் இரண்டு நிலைகளிலேயே கண்டறியப்பட வேண்டும், முதலில் வந்து காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் நோய் உறுதியாக வேண்டும், 80 சதவீதம் பேராவது சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற எண்ணிக்கை இந்த மூன்றில் எதிலும் இல்லை.

கேள்வி: ‘எங்கள் ஆட்சியில் ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் உயர்ந்துவிட்டது’ என்று சொல்கிறார்கள். அது சாதனை இல்லையா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நோய் தெரிந்து ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருப்பவர்களின் விகிதம் அது. அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒருவர் 70 வயதில் புற்றுநோயால் இறக்கப்போகிறார். அறிகுறி வந்து 67-இல் கண்டுபிடித்தால் மூன்றாண்டுதான் இருந்தார், ‘பிழைக்கவில்லை’ என்று கணக்கில் ஏறுவார். அதே ஆளுக்கு ஸ்கிரீனிங்கில் 62-இலேயே கண்டுபிடித்தால் எட்டாண்டு இருந்தார், ‘பிழைத்தவர்’. இரண்டிலும் அவர் இறந்தது 70-இல்தான். வாழ்நாளில் ஒரு நாள்கூடக் கூடவில்லை, தெரிந்த தேதி மட்டும் முன்னால் போயிருக்கிறது.

அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த ரூடி ஜூலியானி 2007-இல் இதே குழியில் விழுந்தார். புராஸ்டேட் புற்றுநோயிலிருந்து தான் பிழைக்க அமெரிக்காவில் 82 சதவீத வாய்ப்பு, அரசு மருத்துவம் நடக்கும் இங்கிலாந்தில் 44 சதவீதம்தான் என்று விளம்பரத்தில் பேசினார். மக்கள்தொகையில் லட்சத்துக்கு எத்தனை பேர் புராஸ்டேட் புற்றுநோயால் இறக்கிறார்கள் என்று பார்த்தால் இரண்டு நாடுகளும் ஏறக்குறைய சமம். அமெரிக்காவில் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பரவலாக நடந்ததால், ஒருபோதும் தொந்தரவு தராத சிறு கட்டிகளும் பட்டியலில் ஏறி, பிழைத்தவர் எண்ணிக்கையை ஊதிவிட்டன. யாராவது பிழைப்பு விகிதம் சொன்னால், ‘லட்சத்துக்கு இறப்பு எவ்வளவு குறைந்தது?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: மேமோகிராமை 40 வயதில் தொடங்குவதா, 50-லா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2009-இல் ‘50 முதல் 74 வரை, இரண்டாண்டுக்கு ஒருமுறை’ என்றது. அப்போது ஒபாமாவின் காப்பீட்டு மசோதா விவாதத்தில் இருந்த நேரம். பெண்களின் பரிசோதனையை வெட்டுகிறார்கள் என்று புயல் கிளம்பி, காப்பீட்டுக்கு அந்தப் பரிந்துரை செல்லாது என்று நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதிவைத்தது. அதே குழு 2024-இல் 40 முதல் 74 என்று மாற்றிக்கொண்டது. இரண்டாண்டு இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது.

வயது குறையக் குறைய நோய் அரிதாகிறது, மார்பகத் திசுவும் அடர்த்தியாக இருப்பதால் படத்தில் கட்டியைப் பிரித்துப் பார்ப்பது சிரமம். எனவே வீண் பாசிட்டிவ் கூடும், கிடைக்கும் பலன் குறையும். பலனே இல்லை என்று அர்த்தமல்ல. பிரிட்டனில் மைக்கேல் மார்மட் தலைமையிலான சுயேச்சைக் குழு 2012-இல் தந்த கணக்கு இது: 10,000 பெண்களை 50 வயதிலிருந்து 20 ஆண்டு அழைத்தால் சுமார் 43 மரணங்கள் தவிர்க்கப்படும், சுமார் 129 பேருக்கு வாழ்நாளில் தொந்தரவே தந்திருக்காத கட்டிக்குச் சிகிச்சை நடந்துவிடும். அந்த 129 பேர் யார் என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. அவர்கள் எல்லோரும் ‘என் உயிரைக் காப்பாற்றினார்கள்’ என்றே நம்புவார்கள். மேடையில் சாட்சி சொல்ல வருபவர்களிலும் அவர்கள் இருப்பார்கள்.

கேள்வி: அப்படியானால் எந்தப் புற்றுநோய்க்குத்தான் ஸ்கிரீனிங் செய்யலாம்?

கர்ப்பப்பை வாய், பெருங்குடல் இரண்டும் முதல் வரிசை. புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலையிலேயே பிடித்து நீக்கிவிடலாம். அடுத்தது மார்பகம். நிறையப் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. மூலம் நுரையீரல். அமெரிக்காவில் 50 முதல் 80 வயதுக்குள், தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டு புகைத்த அளவு அல்லது அதற்கு ஈடாகப் புகைத்தவர்களுக்கு இது பரிந்துரைக்கப்படுகிறது, விட்டு 15 ஆண்டு ஆகிவிட்டால் தேவையில்லை. புகையிலை மெல்பவர்களுக்கு வாயைப் பார்ப்பதும் சரியே.

சினைப்பைக்கு வேண்டாம். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டு தொடர்ந்த ஆய்வு, 2021-இல் இறப்பு குறையவில்லை என்று முடிவு சொன்னது. தைராய்டுக்கு வேண்டவே வேண்டாம். தென்கொரியாவில் அரசின் ஸ்கிரீனிங் திட்டத்தோடு கூடுதல் காசுக்கு கழுத்து அல்ட்ராசவுண்டும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் பரவியது. 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டு புற்றுநோய் கண்டறிதல் 15 மடங்கானது, இறப்பு விகிதம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆயிரக்கணக்கானோர் தைராய்டை எடுத்துவிட்டு ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்குகிறார்கள். குரல் நரம்பு அடிபட்டவர்களும் உண்டு. ஜப்பான் கைக்குழந்தைகளின் சிறுநீரில் நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்றுநோயின் அறிகுறியைத் தேடி, சுமார் 20 ஆண்டு நடத்தியபின் கைவிட்டது. தொடங்கிய திட்டத்தை நிறுத்தும் துணிச்சல் அரசுகளிடம் அபூர்வம், ஜப்பானுக்கு இருந்தது.

கேள்வி: மலப் பரிசோதனையில் ஒரு நாட்டில் ‘பாசிட்டிவ்’ என்பது இன்னொரு நாட்டில் ‘நெகட்டிவ்’ ஆகுமாமே? விஞ்ஞானம் எல்லா இடத்திலும் ஒன்றுதானே?

விஞ்ஞானம் ஒன்றுதான், பாசிட்டிவ் வந்தவருக்குக் கொலோனோஸ்கோபி (குழாய் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்ய ஆட்கள் எத்தனை பேர் என்பது ஒன்றல்ல. பெருங்குடல் புற்றுநோய்க்கான, ஃபிட் எனப்படும் இந்தச் சோதனை, ஒரு கிராம் மலத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று சொல்லும். எந்த எண்ணுக்கு மேல் பாசிட்டிவ் என்பதை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். நெதர்லாந்து 2014-இல் 15 மைக்ரோகிராமில் தொடங்கியது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்குப் பாசிட்டிவ் வந்து கொலோனோஸ்கோபி வரிசை திணறியதால், அந்த ஆண்டின் நடுவிலேயே 47-ஆக உயர்த்தியது. ஸ்காட்லாந்து 80, இங்கிலாந்து 2019-இல் தொடங்கியபோது 120. எண் உயர்ந்தால் வரிசை குறையும், தவறவிடும் கட்டி கூடும்.

இதைக் குற்றம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். 15-இல் வைத்துவிட்டு, பாசிட்டிவ் வந்தவரை எட்டு மாதம் காத்திருக்க வைப்பதைவிட 47-இல் வைத்து ஒரு மாதத்தில் முடிப்பது மேல். ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று வெளியில் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறையால் உயர்த்தப்பட்ட எண்ணை மருத்துவ உண்மைபோல் அச்சடித்துக் கொடுப்பதுதான் தப்பு.

கேள்வி: கர்ப்பப்பை வாய்க்கு வினிகர் தடவிப் பார்க்கும் முறை மலிவு, அதுவே போதும் என்று ஒரு தரப்பு. ஏழைகளுக்கு மட்டும் மட்டமான சோதனையா என்று மறு தரப்பு. யார் சொல்வது சரி?

வினிகர் என்று சொல்லப்படுவது 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம். பஞ்சில் தோய்த்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்து பார்க்க வேண்டும். மாறுதல் ஏற்பட்ட இடம் திட்டாக வெளுக்கும். சொல்ல எளிது, தவறுவதும் இங்கேதான். கூட்டம் அதிகமானால் ஒரு நிமிடம் இருபது விநாடியாகிவிடும், வெள்ளை தெரியாது. காலையில் கலக்க வேண்டிய அமிலம் நேற்றையதாக இருக்கும். வெளிச்சம் போதாது. வீக்கம், புண் இருந்தாலும் வெளுக்கும் என்பதால், பயிற்சி குறைந்தவர் எல்லோரையும் பாசிட்டிவ் என்று எழுதிவிடுவார். மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்வாங்கிக் கர்ப்பப்பை வாய்க் குழாய்க்குள் போய்விடுவதால், அவர்களுக்கு இந்த முறையை நம்பக்கூடாது.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,30,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு தடவை ஹெச்.பி.வி. சோதனை (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடுவது) செய்த பிரிவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் சுமார் பாதியாகக் குறைந்தது. வினிகர் பிரிவில் அப்படிக் குறையவில்லை. மும்பையில் நடந்த வேறொரு ஆய்வில், நன்றாகப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை வினிகர் முறையில் பார்த்தபோது மரணம் 31 சதவீதம் குறைந்தது. ஆக, திரும்பத் திரும்ப ஒழுங்காகச் செய்தால் வினிகரும் உதவும், ஒருமுறைதான் முடியும் என்றால் ஹெச்.பி.வி. மேல். இந்த ஆய்வுகளில் ஒரு பிரிவுப் பெண்களுக்கு எந்தச் சோதனையுமே தராமல் ஒப்பிட்டார்கள் என்ற கண்டனம் எழுந்தது, அது நியாயமான கண்டனம்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இலிருந்து ஹெச்.பி.வி.யைத்தான் முதல் சோதனையாகச் சொல்கிறது: 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை. மாதிரியைப் பெண்ணே தனியாக எடுத்துக் கொடுக்கலாம். சிகிச்சையும் அதே இடத்தில் சாத்தியம். வெளுத்த திட்டு முழுதாகக் கண்ணுக்குத் தெரிந்து, குழாய்க்குள் போகாமல், கர்ப்பப்பை வாயின் முக்கால் பங்குக்கு மிகாமல், புற்று என்ற சந்தேகமும் இல்லாமல் இருந்தால், 100 டிகிரியில் 20 முதல் 30 விநாடி சுட்டுவிடலாம். குளிர்வைத்து அழிப்பதானால் 3 நிமிடம் உறையவிட்டு, 5 நிமிடம் உருகவிட்டு, மறுபடி 3 நிமிடம். வாயு சிலிண்டர் தீர்ந்துபோவதே இதன் நிரந்தர வியாதி. ‘சிகிச்சைக்கு இன்னொரு நாள் வாருங்கள்’ என்று அனுப்பினால் பலர் திரும்ப வரமாட்டார்கள்.

கேள்வி: உறவினர் ஒருவருக்கு மார்பில் எடுத்த சதையை ‘பரிசோதிக்க லாயக்கில்லை’ என்று சொல்லி மறுபடி எடுத்தார்கள். மூன்று வாரம் வீண். ஏன் இப்படி?

கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கும் திட்டங்கள் கவிழ்வது பெரும்பாலும் இந்தச் சின்ன பாட்டிலில்தான். எடுத்த சதையை 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். கடையில் வரும் ஃபார்மலின் கரைசல் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, அமிலத்தன்மை ஏறாமலிருக்க அதற்குரிய உப்புகளும் சேர்த்தது. சதையின் அளவைப் போல் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும், குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஊற வேண்டும். குறைந்தால் ஹார்மோன் ஏற்பி சோதனை பொய்யாக ‘நெகட்டிவ்’ காட்டும். அப்படிக் காட்டினால், மாத்திரையில் அடங்கக்கூடிய புற்றுநோய்க்கு அந்த மாத்திரையே எழுதப்படாது.

நடக்கும் தவறுகள் வழக்கமானவை. கைக்குக் கிடைத்த குளுக்கோஸ் நீரிலோ சலைனிலோ போடுவது (சதை அழுக ஆரம்பித்துவிடும்). வாய் குறுகிய பாட்டில்: மெத்தென்று உள்ளே போன பெரிய துண்டு ஃபார்மலினில் விறைத்துவிடும், வெளியே எடுக்க முடியாது, உடைக்க வேண்டும். பெயரை மூடியில் எழுதுவது: ஆய்வகத்தில் நான்கு மூடிகளை ஒன்றாகக் கழற்றினால் எது யாருடையது? பெயர், எடுத்த பக்கம், எடுத்த நேரம் மூன்றும் பாட்டிலின் உடம்பில் இருக்க வேண்டும். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாருக்காவது பயாப்ஸி என்றால், பாட்டிலில் என்ன இருக்கிறது, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று கேளுங்கள். ‘டாக்டரை விட உங்களுக்குத் தெரியுமா?’ என்று முறைப்பார்கள். பரவாயில்லை.

அந்த மூன்று வாரம் சும்மா போனதல்ல. புற்றுநோய் அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வந்த கணக்கு சொல்கிறது.

கேள்வி: நெகட்டிவ் என்று கொடுத்தபின் புற்றுநோய் வந்தால் வழக்குப் போடலாமா?

சட்டத்தை வக்கீலிடம் கேளுங்கள். அயர்லாந்தில் நடந்ததைச் சொல்கிறோம். விக்கி ஃபேலன் என்ற பெண்ணுக்கு 2011-இல் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் சோதனை) நார்மல் என்றார்கள், 2014-இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். பழைய ஸ்லைடை மறுபடி பார்த்தபோது அந்த முடிவு தவறு என்று தெரிந்திருக்கிறது. அவருக்குச் சொன்னது 2017-இல். வாய்திறக்கக்கூடாது என்ற நிபந்தனையை மறுத்து, 2018-இல் வழக்கைப் பகிரங்கமாக முடித்தார். அதன்பின் இப்படி 221 பெண்கள் இருப்பது தெரியவந்தது.

ஸ்மியர் தவறவிடுவது அபூர்வமல்ல, அதனால்தான் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். மன்னிக்க முடியாதது, தெரிந்தும் சொல்லாதது. அரசு உடனே ‘கவலைப்படுகிறவர்களுக்கு இலவச மறுசோதனை’ என்று அறிவித்தது. கைதட்டல் கிடைத்தது. ஆய்வகங்களில் ஸ்லைடு மலைபோல் குவிந்து, எல்லோருடைய முடிவும் மாதக்கணக்கில் தாமதமானது. அரசியல்வாதி அவசரத்தில் கொடுக்கும் இலவசத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கேள்வி: விலை உயர்ந்த புதிய மருந்துகளுக்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கை சரிதானா?

இங்கிலாந்து செய்து பார்த்தது. செலவுக்கேற்ற பலன் இல்லை என்று அதன் மதிப்பீட்டு அமைப்பு நிராகரித்த மருந்துகளுக்காக, 2011-இல் ஆண்டுக்கு 20 கோடி பவுண்டில் புற்றுநோய் மருந்து நிதி தொடங்கியது. செலவு மளமளவென்று எகிறி, 2016-இல் திட்டத்தையே திருத்தி எழுதினார்கள். அதுவரை போன தொகை 127 கோடி பவுண்டு. நிதி கொடுத்த 47 பயன்பாடுகளை ஆராய்ந்தபோது 18-இல் மட்டுமே ஆயுள் கூடியதற்கு ஆதாரம் இருந்தது, அதுவும் சராசரியாக மூன்று மாத அளவில். மோசமான இன்னொரு விளைவும் உண்டு: எப்படியும் நிதி கிடைக்கும் என்றால் நிறுவனம் விலையை ஏன் குறைக்கும்?

எனவே முதலில் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை தட்டுப்பாடில்லாமல் கிடைக்கட்டும். அதில் 2015-இலேயே மார்பகப் புற்றுநோய் மருந்தான டிராஸ்டுசுமாப் சேர்ந்துவிட்டது. வலிக்கான மார்பின் பல ஆண்டுகளாக இருக்கிறது, விலையும் அற்பம். அதுகூடக் கிடைக்காமல் வலியில் துடித்துச் சாகும் நோயாளிகள் உலகில் ஏராளம். மார்பினுக்காக யாரும் மேடை போடுவதில்லை.

கேள்வி: ரேடியேஷன் இயந்திரம் போதவில்லை என்கிறார்கள். புதிதாக வாங்குவதைத் தவிர வழி உண்டா?

ஓரளவு உண்டு. மார்பக அறுவைக்குப் பிறகு 3 வாரத்தில் 15 தடவையாக மொத்தம் 40 கிரே (கதிர்வீச்சின் அளவு) தருவதற்குப் பதில், ஒரே வாரத்தில் 5 தடவையாக 26 கிரே தந்தால் ஐந்தாண்டு முடிவில் பலன் குறையவில்லை என்று பிரிட்டிஷ் ஆய்வு 2020-இல் காட்டியது. 15 முறை படுக்கிற மேஜையில் இப்போது மூன்று பேர் படுக்கலாம், நோயாளிக்கும் தங்கும் செலவு மிச்சம். ஒவ்வொரு அமர்வுக்கும் காசு வாங்கும் இடங்களில் இது மெதுவாகத்தான் பரவும். காரணம் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: என் அம்மாவுக்கு 82 வயது. முகாமில் மேமோகிராம் எடுக்கச் சொல்லி வீட்டுக்கே வந்து அழைக்கிறார்கள். அனுப்பலாமா?

அவருக்குக் கட்டியோ, காம்பில் ரத்தக் கசிவோ, தோல் சுருங்குவதோ இருந்தால் முகாமுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், வயது ஒரு தடையே இல்லை. ஒன்றும் இல்லையென்றால் வேண்டாம். 1,000 பெண்களை மேமோகிராமுக்கு உட்படுத்தினால் அவர்களில் ஒரு மரணத்தைத் தவிர்க்கவே சுமார் பத்தாண்டு ஆகிறது. தொந்தரவு மட்டும் படம் எடுத்த அன்றைக்கே ஆரம்பிக்கலாம். அழைக்க வந்தவரிடம் மரியாதையாகச் சொல்லி அனுப்புங்கள். போகும்போது, பக்கத்து வீட்டில் 45 வயதில் யாராவது ஹெச்.பி.வி. சோதனை செய்யாமல் இருந்தால் அவரைக் காட்டிவிடுங்கள்.